நாலு விரல் இடைவெளி

படம் எடுப்பதற்கு முன்னால் அவர் கேமரா பக்கமே போக மாட்டார். வரிசையாக நிற்கிறவர்களிடம் நேரே வந்து, கட்டை விரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி, ஒருவர் தோளுக்கும் அடுத்தவர் தோளுக்கும் நடுவே கையை நுழைப்பார். "நாலு வெரல் எடம் உடுங்க" என்பார். கை தாராளமாகப் போய் வந்தால்தான் அடுத்த ஆளுக்கு நகர்வார். போகாவிட்டால் அங்கேயே நிற்பார். கோபப்பட மாட்டார், சத்தம் போட மாட்டார். கை மட்டும் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

என் தங்கை மகள் கல்யாணத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். அந்த மேடையில் பதின்மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். இவர் எடுத்த படத்தில் ஒன்பது பேர்தான் அடங்கினார்கள். மற்ற நான்கு பேரும் முகம் சுருங்கிக் கீழே இறங்கி அடுத்த படத்துக்குக் காத்திருந்தார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க வராது. எண்ணி முடித்தால் அதில் யார் குறைகிறார்கள் என்று கவலைப்படாமலும் இருக்க வராது. அன்று அந்த நான்கு பேருக்காகவும் நான்தான் படபடத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும்கூட அவர் விடவில்லை. நடுவில் கையை நுழைத்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் கீழேயிருந்து கேட்டார்.

"ஏனுங்க போட்டோக்காரரே, தாலி கட்டி அரை மணி நேரமாச்சு. இன்னும் என்னத்துக்குங்க எடவெளி?"

"படத்துல மட்டுந்தானுங்க அம்மிணி. ஊட்டுக்குப் போயி ஒட்டி நின்னுக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடைவெளி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கேமராவுக்குப் போனார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போகும் சாலையில், ஒரு மொபட் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஒரு கதவு அகலத்துக்கு அவர் ஸ்டுடியோ இருந்தது. பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நாலு விரல்காரர் கடை என்றால் தெரியும். ஒல்லியான ஆள். லென்ஸ் துடைக்க சட்டைப் பையில் எப்போதும் பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனியில் கழித்த வெள்ளைத் துணி, ஒரு துண்டு வைத்திருப்பார். பேசும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல், அவருக்கு வலமும் இடமும் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்ப்பார். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. பேசப் பேசத்தான் பழகியது. ஆனாலும் அவர் கடையில் உட்கார்ந்தால் என் நாற்காலியை ஒரு முறையாவது நகர்த்திப் போட்டுக்கொள்வேன்.

அவருக்கு முக்கிய வருமானம் கல்யாணம் அல்ல, பனியன் கம்பெனித் திறப்பு விழாக்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் கூட்டாகச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தால், பூஜை போட்ட கையோடு முதல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆபீஸில் முதலாளி நாற்காலிக்கு நேர் மேலே சாமி படத்துக்கு அடுத்தபடி மாட்டுவார்கள். கூட்டுப் பிரிந்தால் அந்தப் படம் இறங்கும். இறங்கிய படம் இவர் கடைக்கு வரும். போனவரை எடுத்துவிட்டு இருப்பவரை மட்டும் வைத்து இவர் திருப்பித் தர வேண்டும்.

"கம்பெனி பிரிஞ்சா மொதல்ல ஆடிட்டர் கிட்டப் போவாங்கன்னு நெனைக்கறீங்களா வாத்தியாருங்க? எங்கிட்டத்தான் வருவாங்க. ஆடிட்டருக்கே நாந்தான் பல சமயம் தகவல் சொல்லோணும்" என்பார்.

எதற்காக இந்த நாலு விரல் என்று நான் கேட்டபோது பழைய கதை ஒன்றைச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் மாமன் மச்சான் இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனிக்குப் படம் எடுத்தாராம். மச்சான் ஆசையாக மாமன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். அருமையான படம், பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஐந்து வருடத்தில் இரண்டு பேரும் முகம் பார்க்காதபடி பிரிந்துபோனார்கள். மச்சானை எடுத்துவிடச் சொல்லி மாமன் படத்தைக் கொண்டுவந்து போட்டார். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. தூரிகையால் ஆளை அழித்தாயிற்று. மாமன் தோள் மேல் இருந்த கையை என்ன செய்வது? மாமன் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. விரலுக்கு மேல் கட்டங்களை ஒவ்வொன்றாக வரைந்து மூடியிருக்கிறார்.

"மூடுனனுங்க. ஆனா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அவரு நாலே நாள்ல திரும்ப வந்தாரு. 'ஏனப்பா, இன்னுங் கை இருக்குதே'ன்னாரு. இல்லீங்கன்னேன். 'உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது'ன்னாரு. பேசறப்பவே இந்தத் தோளத் தொடைச்சுட்டே இருந்தாரு, பஞ்சு ஒட்டியிருந்தா தட்டுவமே, அந்தாட்ட."

"அப்பறம்?"

"படத்த எறக்கிட்டாரு. தனியா ஒண்ணு எடுத்து மாட்டுனாரு. அதுலயும் அந்தத் தோளு கொஞ்சம் தாழ்ந்துதானுங்க இருந்துச்சு."

அதற்குப் பிறகு இவர் யாரையும் யார் தோளிலும் கை போட விட்டதில்லை.

"பிரியாமயே இருந்துட்டாங்கன்னா?" என்று கேட்டேன்.

"இருந்தா நல்லதுங்க. எடம் உட்டதால படத்துக்கு ஒண்ணுங் கெடுதலில்லையே."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஆறவில்லை. சேர்ந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் இவருக்குப் பிரிகிற நாள்தான் முதலில் கண்ணில் படுகிறது என்றால், அது எப்படி ஒருவர் தொழிலாக இருக்க முடியும் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன். எனக்குத் தெரிந்த ஆபீஸ்களுக்குப் போகும்போதெல்லாம் இவர் எடுத்த படம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். இருந்த பதினோரு படங்களில் எடுத்தபோது நின்ற ஆட்கள் அத்தனை பேரும் இன்னும் நிற்கிற படம் நான்குதான். அவர் கை வைத்தால் கூட்டு நிலைக்காது என்று சிலர் வேறு ஆளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனிகளும் பிரியத்தான் செய்தன. பிரித்துத் தரச் சொல்லி இவரிடமே வந்தார்கள். ஒட்டி நின்ற படங்களை வெட்ட மற்றவர்களுக்குக் கை வரவில்லை.

அவர் மனைவி ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்வந்தார். மதியம் சாப்பாடு கொண்டுவருவார். கடைச் சுவரில் அவர்கள் கல்யாணப் படம் இருந்தது. அதிலும் நாலு விரல் இடம். ஒரு நாள் நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்.

"வேற போட்டோக்காரர்தானுங்க எடுத்தாரு. இந்த மனுசன் கேமராவப் பாக்கச் சொன்னா எடவெளியப் பாத்துட்டு நிக்கறாரு பாருங்க. நானும் அன்னைக்கே வெலகிப் போயிருப்பேன். வெலகறதுக்குத்தான் எடம் உட்டிருக்கறாருன்னு தெரிஞ்சதும் எனக்கு ரோசம் வந்துருச்சு. போகல."

அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். காது மட்டும் சிவந்தது. அவருக்கும் வெட்கம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இரண்டு மகன்கள். பெரியவன் பேசமாட்டான், சின்னவன் பேசி முடிக்கமாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு தையல் மிஷின்களோடு ஒரு யூனிட் ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம், இவர்கள் பிரிந்துவிடக் கூடாது என்பதுதான். பிரிந்தால் நானும் என் மனைவியும் எந்தப் பக்கம் போவது என்பது அதற்கு அடுத்த பயம். ஆகையால் திறப்பு விழாவுக்கு நாலு விரல்காரர் வேண்டாம் என்றேன். சின்னவன் கேட்கவில்லை. "அவர விட்டா இங்க யாருங்கப்பா நல்லா எடுக்கறாங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வெளிர் பச்சை வண்ணம் அடித்த புதுச் சுவருக்கு முன்னால் நின்றோம். நடுவில் என் மனைவி. அவளுக்கு இந்தப் பக்கம் பெரியவன், அந்தப் பக்கம் சின்னவன். பெரியவனை அடுத்து ஓரத்தில் நான். அம்மாவை நடுவில் நிறுத்தினால் இரண்டு பேரும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எல்லோருக்கும் கேட்கிற தூரம்தான்.

"அம்மாவ ஓரத்துல நிறுத்திக்கலாமுங்க."

"ஏனுங்க?"

"நடுவுல நிறுத்துனா பிரிக்கறப்ப அம்மாவ யாருக்குங்க குடுக்கறது?"

நல்ல நாளும் அதுவுமாக, பூஜைக்கு வைத்த சூடம் இன்னும் அணையவில்லை. பையன்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். "அம்மா எனக்குத்தான்" என்றான் சின்னவன். "கூட்டிட்டுப் போ. சக்கரை மாத்திரையையும் நீயே வாங்கிக் குடு" என்றான் பெரியவன். மனைவி சிரிக்கவில்லை.

"என்ன பேச்சுங்க இது" என்று நான் சத்தம் போட்டேன்.

"சகுனத்துக்குச் சொல்லலீங்க. படத்துக்குச் சொன்னேன்" என்றார்.

என் பிடிவாதத்தில் அவள் நடுவிலேயே நின்றாள். ஆனால் நாலு விரலை அவர் விடவில்லை. கை பிடிக்கவும் விடவில்லை. நான் ஓரத்தில் நின்று, இது என்ன அநியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டைச் சரிசெய்தேன். அது நழுவியது, மறுபடி போட்டேன், மறுபடி நழுவியது. என் மனைவி பெரியவனைத் தாண்டி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்போது அவர் எடுத்துவிட்டார். இன்னொன்று எடுங்கள், அவள் கேமராவைப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"இதுவே போதுங்க. அம்மா நல்லாத்தான் பாக்கறாங்க" என்றார்.

ஆறு வருடம் கம்பெனி நன்றாக ஓடியது. பிறகு ஒரு லாட் துணியில் சாயம் ஒரே சீராக ஏறாமல், உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாகத் தைத்துப் போன டி-ஷர்ட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. துணியைப் பார்க்காமல் வெட்டியது யார் என்று பெரியவனும், சாயப்பட்டறையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று சின்னவனும் ஆரம்பித்தார்கள். முடிவில் நான்தான் உட்கார்ந்து பாகம் பிரித்தேன். அப்போது மிஷின் பதினாறாகியிருந்தது. ஆளுக்கு எட்டு. எண்ணிக்கையில் ஒரு தப்பும் கிடையாது. சின்னவன் அவன் பங்கு எட்டையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான்.

"எண்ணிக்கை சரிதானுங்கப்பா. புதுசு நாலும் அண்ணன் பக்கம் போயிருக்குது" என்றான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

நாங்கள் பெரியவன் வீட்டில் இருந்தோம். சின்னவன் தனிக் கம்பெனி ஆரம்பித்தபோது அம்மாவுக்கு மட்டும் போன் வந்தது. அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் அவன் மனைவி, "வாங்கத்தே, வாங்க மாமா" என்று கூப்பிட்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். உள்ளே போனதும் படத்தைப் பார்த்தேன். நாற்காலிக்கு மேலே, அதே பச்சைச் சுவர். அம்மாவும் சின்னவனும். பெரியவன் இல்லை. நானும் இல்லை. நான்கு பேரில் இரண்டு பேர். படத்தில் ஏறக்குறையப் பாதி வெறும் சுவர்.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"ஏனுங்க, என்னைய எடுத்துட்டீங்களே."

"ஆமாங்க. உக்காருங்க."

"பெரியவன எடுக்கச் சொல்லியிருப்பான். அது தெரியும். என்னையுமா எடுக்கச் சொன்னான்?"

"எடுக்கச் சொல்லலீங்க" என்று சொல்லி பனியன் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "பெரியவரு வந்து, நானும் அப்பாவும் அம்மாவும் வேணும்னாரு. குடுத்தேன். சின்னவரு வந்து, நானும் அம்மாவும் வேணும்னாரு. குடுத்தேன். உங்களக் கேக்கலீங்க."

நான் படத்தில் குறை கண்டுபிடித்தேன்.

"அப்பறம் எதுக்குங்க அவ்வளவு செவுரு? ரெண்டு பேருதானே. நெருக்கி வெட்டியிருக்கலாமில்ல?"

"அம்மா அந்தப் பக்கம் பாக்கறாங்களேங்க. ஒரு ஆளு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் உடோணும். இல்லீன்னா செவுத்துல முட்டிட்டு நிக்கற மாதிரி ஆயிரும். சின்னவரும் கேட்டாரு, எதுக்கு இத்தன காலியா இருக்குதுன்னு. அதுதானுங்க அளவுன்னு சொல்லிட்டேன்." என் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நின்ன எடம் அப்படியேதான் இருக்குது. அவரு எப்பச் சொன்னாலும் நிறுத்திரலாம். ஒரு மணி நேர வேலை."

"நீங்களே நிறுத்திருங்க. நான் சொல்றேன்."

"அது அவரு ஆபீசுங்க. அவரு கேக்கோணும்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ மாதம் இருந்தேன். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. சின்னவன் அம்மாவைப் பார்க்க வந்தான், வாசலில் நின்று பேசிவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்பான் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் நாலு விரல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வந்ததில்லை. மனைவி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சின்னவரு வந்திருந்தாருங்க. ஆபீஸ் பெருசு பண்றாராமா. அந்தப் படத்தையும் பெருசு பண்ணி, காலியா இருக்கற பக்கம் கம்பெனி பேரு போட்டுக் குடுன்னாரு. முடியாதுன்னுட்டேன்."

"ஏனுங்க?"

"அந்த எடத்துக்கு ஆளு இருக்குதுன்னேன். அதுக்கு அவரு சிரிச்சுட்டு, வேற கடைல பாத்துக்கறேன்னு போய்ட்டாரு. பாத்துக்குவாரு. பத்து நிமிச வேலை. நீங்க போயி ஒரு வார்த்த பேசுங்க வாத்தியாருங்க. அவரு கேக்க மாட்டாரு. எடம் இருக்கறப்பவே நீங்களே போயி நின்னுக்கோணும்."

"அவன் கூப்புடாம நான் எப்படிங்க போறது?" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டது அந்த ஒரு முறைதான். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த ஸ்டுடியோ போய்விட்டது. அவரும் அவர் மனைவியும் தாராபுரம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் கடை வைத்தாரா, அங்கே யாருக்கு நடுவில் கை நுழைக்கிறார் என்று தெரியாது. விசாரிக்கலாம் என்று நினைப்பேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய் அவர் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சின்னவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், போனில் சொன்னால் சரியாக இருக்காது என்று அவள் என்னை அனுப்பினாள். அவனுடைய புதுக் கட்டடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் படம். அம்மா, சின்னவன், மீதி இடத்தில் பொன் நிறத்தில் கம்பெனியின் பெயர்.

மேஜையில் இருந்த பெண் பேச்சில் மதுரைப் பக்கம். நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு சிரித்தாள்.

"எங்க எம்.டி.யோட அம்மா சார். கம்பெனி பேரைப் பாத்து எம்புட்டு சந்தோசமாச் சிரிக்கிறாங்க பாருங்க. சரக்கு வாங்க வர்ற பையர் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாக."

ஆமாம் என்றேன்.

"நீங்க எங்கிட்டிருந்து வர்றீக சார்? யாரைப் பாக்கணும்?"

சின்னவன் பெயரைச் சொன்னேன். மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் என்று எதிரே இருந்த சோபாவைக் காட்டினாள். உட்கார்ந்தேன். கூப்பிடுகிற வரை அந்த எழுத்துகளை எண்ணினேன். நான் நின்ற இடத்தில் ஐந்து எழுத்து இருந்தது. பெரியவன் நின்ற இடத்தில் நான்கு.